உரலும் கையொப்பமும்

வணக்கம் ஐயா,

பண்டாரவளைப் பக்கம் ஒரு பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். கண்டி இராச்சியத்தின் வீழ்ச்சியைப் பற்றிப் பேசிய அன்று வகுப்பே இரண்டாகிவிட்டது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 'எங்கட கடைசித் தமிழ் ராஜா' என்று முகநூலில் பார்த்ததாக ஒரு மாணவன் பெருமையாகச் சொன்னான். உடனே ஒரு மாணவி எழுந்து, "பச்சப்புள்ளைய உரல்ல போட்டு இடிக்கச் சொன்னவன் நமக்கு ராஜாவா டீச்சர்?" என்று கேட்டாள். 'வென்றவர்கள் எழுதுவதுதான் வரலாறு' என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பதிலில் எனக்கே திருப்தி இல்லை. ஒருவனை வீரன் என்றும் கொடியவன் என்றும் தீர்மானிப்பது யார்? பிள்ளைகளுக்கு என்ன சொல்லட்டும்?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

அந்த மாணவி சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். உரல் காட்சி சொல்லப்படுகிறபடியே நடந்ததா என்பதில் ஆய்வாளர்களிடையே ஐயம் உண்டு. ஆனால் 1814இல், அரசனின் உயர் அதிகாரியாக இருந்த எகலப்பொலவின் பிள்ளைகள் கொல்லப்பட்டதும், அவருடைய மனைவி நீரில் மூழ்கடிக்கப்பட்டதும் நடந்தவை. தகப்பன் ஆங்கிலேயர் பக்கம் போனதற்காகப் பிள்ளைகளைக் கொன்ற ஒருவனை, அரண்மனையில் தமிழ் புழங்கியது என்பதற்காக நாம் தோளில் தூக்கிவைக்க வேண்டியதில்லை. அவன் நாயக்கர் வம்சத்தவன், தலதா மாளிகையைப் போற்றிய பௌத்த அரசன். அவன் காலத்தில் மலையகத் தோட்டங்களே கிடையாது. நமக்கும் அவனுக்கும் உறவு தேடுவது, இன்று நமக்கு ஒரு ராஜா வேண்டும் என்ற ஏக்கத்தால்தான். அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது. அதற்காகக் கொலையைக் கழுவிவிட முடியாது.

ஆனால் அதே கொலையை வைத்து ஆங்கிலேயர் என்ன செய்தார்கள் என்பதையும் பிள்ளைகள் படிக்க வேண்டும். ஜோன் டொயிலி என்ற ஆங்கிலேய அதிகாரி கண்டிக்குள் ஒற்றர் வலை ஒன்றைப் பல வருடங்களாகப் பின்னி வைத்திருந்தார். கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனதை அறிவித்து, 1815 மார்ச் 2ஆம் திகதி அரண்மனையின் மகுல் மடுவ மண்டபத்தில் வாசிக்கப்பட்ட உடன்படிக்கையின் முதல் வாசகமே, 'மலபார்' (தென்னிந்தியரை ஆங்கிலேயர் அழைத்த பெயர்) அரசனின் கொடுமைகளைப் பற்றியது. அவன் முடியிழந்தான் என்று இரண்டாவது வாசகம் சொல்கிறது. மூன்றாவது, அவனுடைய ஆண் உறவினர் அத்தனை பேரையும் விரோதிகளாக்கி, வெளியேற்றப்பட்ட மலபார் ஆண்கள் திரும்பி வரக்கூடாது என்று தடுக்கிறது. சித்திரவதையை ஒழிப்பதாகவும் ஒரு வாசகம் உண்டு. படையெடுத்து வந்தவன் மீட்பனாகிவிட்டான்.

மூன்று வருடம் முடிவதற்குள், 1817-18இல், ஊவா, வெல்லஸ்ஸப் பகுதிகள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தன. மீட்பர்கள் வீடுகளையும் வயல்களையும் எரித்தார்கள். அந்தக் கிளர்ச்சிக்காரர்கள் யாரைச் சுற்றித் திரண்டார்கள் தெரியுமா? துரைசாமி என்று தன்னைச் சொல்லிக்கொண்ட, நாயக்கர் அரச குடும்பத்தவன் என உரிமை கோரிய ஒருவனை. அவர்களை அடக்க ஆங்கிலேயர் அனுப்பிய, திசாவை (மாகாணத் தலைவர்) பதவியில் இருந்த கெப்பெட்டிபொல, கொடுத்த ஆயுதங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளர்ச்சியில் சேர்ந்தார். அரசன் மூழ்கடிக்கச் சொன்ன அந்தப் பெண், எகலப்பொலவின் மனைவி, இவருடைய உடன்பிறந்த சகோதரி. தங்கள் வீட்டுப் பெண்ணைக் கொன்ற வம்சத்தின் பெயரில் ஒருவன் வந்து நின்றபோது அவனுக்காகப் போராடியிருக்கிறார். இந்த ஓர் இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். கண்டியில் அன்று வாழ்ந்தவர்களின் கணக்கு, நாம் பாடப்புத்தகத்தில் படிக்கிற வீரன், கொடியவன் என்ற இரண்டு பெட்டிக்குள்ளும் அடங்கவில்லை.

கெப்பெட்டிபொல போகம்பரையில் தலை வெட்டப்பட்டார். மண்டையோடு எடின்பரோவுக்குப் போய், 1954இல்தான் திரும்பி வந்தது. ஆங்கிலேயர் துரோகிகள் என அறிவித்தவர்களில் அவர் உட்பட 19 பேர் 2016இல் தேசிய வீரர்களாக அறிவிக்கப்பட்டார்கள். ஆகவே 'வென்றவர்கள் எழுதுவது' என்ற உங்கள் பதில் பாதிதான் சரி, டீச்சர். வென்றவர் எழுதியதை அடுத்து வந்த அதிகாரம் அழித்து எழுதுகிறது. அந்த இரண்டாவது எழுத்திலும் சிலருக்கு இடம் கிடைப்பதில்லை. எனக்கு முக்கியம் அவர்கள்தான்.

கண்டி வாவியை எடுத்துக்கொள்ளுங்கள். இராஜகாரியத்தின் (அரசனுக்குச் செய்ய வேண்டிய கட்டாயக் கூலியில்லா வேலையின்) பெயரில் குடிமக்களை மண் சுமக்க வைத்து வெட்டிய வாவி அது. அரசனின் கொடுமைகளில் ஒன்றாக அதைச் சொல்வது வழக்கம். சில வருடங்கள் கழித்து, தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பு - கண்டி வீதியைப் போட்டார். அதற்கும் அதே இராஜகாரியம்தான். கடுகண்ணாவையில் கல்லுடைத்தவனுக்குக் கூலி கிடைக்கவில்லை. பார்ன்ஸோ வீதி தந்த பெருமான் ஆனார். கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்கு முன்னால் இன்றும் அவருக்குச் சிலை இருக்கிறது. அந்த வீதியால்தான் கோப்பி கீழே இறங்கியது. கன்னொருவையில் பார்ன்ஸுக்கே கோப்பித் தோட்டம் இருந்தது. மலபார் ஆண்கள் திரும்பி வரக்கூடாது என்று எழுதிய அதே அரசு, அந்தக் கோப்பிக்காகத் தென்னிந்தியாவிலிருந்து ஆண்களையும் பெண்களையும் மன்னார்க் கரையில் இறக்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடக்க வைத்தது. வழியில் செத்தவர்களுக்காக எந்த உடன்படிக்கையிலும் ஒரு வாசகம் எழுதப்படவில்லை.

உரல் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் மனதை விட்டுப் போவதில்லை. கையொப்பத்தில் இரத்தம் தெரிவதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மலையகத் தமிழரில் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. அதைக் கொண்டுவந்த பிரதமர் டி.எஸ். சேனநாயக்க தேசபிதா. 1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதாகத் தள்ளிவைத்தார்கள். லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) இருந்த யாரையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாஸ்திரி எளிமையின் உருவமாகவும், சிறிமா உலகின் முதல் பெண் பிரதமராகவும் நினைக்கப்படுகிறார்கள். அவை பொய்யில்லை. ஆனால் அண்ணன் அக்கரைக்கும் தங்கை இங்கேயுமாகப் பிரிந்த ஒரு குடும்பத்திடம் போய் அந்தத் தலைவர்கள் நல்லவர்களா என்று கேட்டால், வேறு பதில் வரும். அந்தப் பதிலுக்கும் பாடப்புத்தகத்தில் இடம் வேண்டும் என்பதுதான் என் வாதம்.

அதனால் வீரனா கொடியவனா என்ற வாக்கெடுப்பை வகுப்பில் நடத்தாதீர்கள். ஒரு தலைவரின் பெயர் வந்தால், அவரிடம் பேச வாய்ப்பே இல்லாத மனிதருக்கு அவர் காலத்தில் என்ன நடந்தது என்று கேட்கச் சொல்லுங்கள். மண் சுமந்தது யார், கூலி கொடுத்தார்களா, போகச் சொன்னபோது மறுக்க முடிந்ததா. ராஜசிங்கனிடமும் பார்ன்ஸிடமும் சேனநாயக்கவிடமும் அதே கேள்விகள்தான். நம் தொழிற்சங்கத் தலைவர்களிடமும் அதையே கேட்க வேண்டும். அங்கே மட்டும் வாயை மூடிக்கொண்டால் மற்றதெல்லாம் வீண்.

அந்த மாணவனைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவனுடைய அப்பாயியிடமோ அம்மாயியிடமோ, 1964க்குப் பிறகு அவர்கள் லயத்திலிருந்து யார் யார் தலைமன்னாரில் கப்பலேறினார்கள் என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். ராஜாவைப் பற்றி வகுப்பு மறுபடி பேசும்போது அவன் எழுதியதையும் வாசியுங்கள். முடிந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.