அந்த 400-ஐ யார் நிரப்புவது?

கேள்வி: சேலத்தில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) இறுதியாண்டு படிக்கிறேன். ஏற்காடு காப்பித் தோட்டங்களில் வேலை செய்யும் பெண்களின் உடல்நலம் பற்றி ஆய்வு. 400 பேரிடம் கேட்கச் சொல்லிவிட்டார் கைடு. கூகுள் ஃபார்ம் தயாரித்து வாட்ஸ்அப் குரூப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாவற்றிலும் போட்டேன். மூன்று வாரத்தில் 187 பதில் வந்திருக்கிறது. அதில் தோட்ட வேலை செய்பவர்கள் 31 பேர்தான். மீதியை நாமே நிரப்பிவிடலாம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்கிறாள் தோழி. ஏப்ரலில் சமர்ப்பிக்க வேண்டும். என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், அஸ்தம்பட்டி

பதில்: உன் தோழி சொல்வதில் பொய் இல்லை கண்ணு. நிறைய பேர் செய்கிறார்கள். நானே செய்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். செவ்வாய்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் கூலி பற்றி ஆய்வு. 120 படிவம் வேண்டும். 111 பேரைப் பார்த்து முடித்ததும் கால் ஓய்ந்துவிட்டது. மீதி ஒன்பதையும் ஐந்து ரோட்டில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நானே எழுதினேன். வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் படிவக் கட்டைச் சும்மா புரட்டினார். ஒன்பதைத் தனியாக உருவி மேசைமேல் வைத்தார். "தம்பி, இந்த ஒன்பது வீட்டிலும் ஆண் ஒண்ணு, பெண் ஒண்ணு. உங்க வீட்டிலும் அப்படித்தானா?" எங்கள் வீட்டிலும் அப்படித்தான். கற்பனை செய்ய உட்கார்ந்தால் நமக்குத் தெரிந்த வாழ்க்கைதான் பேனாவில் வரும்.

இன்றைக்கு மாட்டிக்கொள்வது இன்னும் சுலபம். ஒவ்வொரு பதிலும் வந்து சேர்ந்த நேரத்தைக் கூகுள் ஷீட்டின் முதல் பத்தி விநாடி வரைக்கும் காட்டுகிறது. இரவு 11 மணிக்கு மேல் இரண்டு நிமிடத்துக்கு ஒரு காப்பித் தோட்டப் பெண் வரிசையாக வந்து பதில் சொன்னால், அவள் எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று பரீட்சகருக்குத் தெரியாதா? இன்னொன்றும் சொல்கிறேன். எல்லா வரியிலும் 'ஒப்புக்கொள்கிறேன்' என்றே தட்டிவிட்டுப் போகிறவர்கள் கூடினால் க்ரோன்பாக் ஆல்ஃபா, அதாவது கேள்விகளுக்கு வந்த பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண், குறையாது, ஏறும். 0.9 வந்துவிட்டது என்று குதிக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பயம்தான் வருகிறது. ஒன்றிரண்டு வாக்கியத்தை எதிர்ப்பதமாகத் திருப்பிப் போட்டிருந்தால் அப்போதே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

சரி, இந்த 400 எங்கிருந்து வந்தது? எத்தனை பேரிடம் கேட்டால் போதும் என்று கணக்குப் போடும் யமானே சூத்திரத்திலிருந்துதான் உன் கைடு சொல்லியிருப்பார். 5 சதவீதப் பிழை என்று வைத்தால், 10,000 பேர் உள்ள இடத்துக்கு 385, 1 லட்சத்துக்கு 398, கோடி பேர் ஆனாலும் 400. எத்தனை ஆய்வேடுகளில் இந்த எண்ணைப் பார்த்துவிட்டேன்! ஆனால் ஆட்களைக் குலுக்கிப் போட்டு எடுத்தால்தான் அந்தச் சூத்திரம் செல்லும். உன் லிங்க்கை யாரும் குலுக்கிப் போடவில்லை. உன் தோழியின் அண்ணன் குரூப்பில் யார் இருந்தார்களோ அவர்களுக்குப் போயிற்று. அதில் சும்மா இருந்தவர்கள் தட்டினார்கள். அதற்குக் கன்வீனியன்ஸ் சாம்ப்ளிங் என்று பெயர். செய்வது குற்றமில்லை. செய்துவிட்டு ஆய்வேட்டில் 'சிம்பிள் ரேண்டம்', அதாவது குலுக்கிப் போட்டு எடுத்தது, என்று எழுதுகிறார்களே, அதுதான் குற்றம்.

எண்ணிக்கை பெரிதானால் தப்பு தானாகச் சரியாகிவிடும் என்று நினைக்காதே. 1936 அமெரிக்கத் தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஏறத்தாழ 1 கோடி பேருக்குத் தபாலில் மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தார்கள். ஆனால் 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் பிடித்தார். டெலிபோனும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியலைப் பெரிதும் நம்பி முகவரி எடுத்தார்கள். அது பொருளாதார மந்த காலம், அவை இல்லாதவர்கள்தான் ஊரில் அதிகம். அனுப்பியதிலும் ஆர்வம் இருந்தவர்கள் மட்டுமே திருப்பி அனுப்பினார்கள். இதோடு உன் 187-ஐ ஒப்பிட்டுப் பார்.

அந்த 31 பேரையும் உடனே நம்பிவிடாதே. ஷீட்டைத் திற. வேலை நாளில் பகல் 11 மணிக்கு எத்தனை பதில் வந்திருக்கிறது? இடுப்பில் கூடை கட்டிப் பழம் பறிக்கிற நேரம் அது. கை காலியாக இருக்காது, பல சரிவுகளில் சிக்னலும் கிடைக்காது. அப்படியானால் தட்டியது யார்? பல வீடுகளில் போன் மகனிடம் இருக்கும், அம்மாவுக்காக அவனே பதில் சொல்லியிருப்பான். உன் ஃபார்மில் 'ஒருவருக்கு ஒரு பதில்' என்று கட்டுப்பாடு வைத்திருந்தாயானால் ஜிமெயிலில் லாக்-இன் கேட்டிருக்கும். பாஸ்வேர்டு தெரியாதவர்கள் அந்த வாசலிலேயே திரும்பியிருப்பார்கள். எஸ்டேட் ரைட்டர் (தோட்டக் கணக்கர்) வழியாக லிங்க் போயிருந்தால் அது வேறு தொல்லை. கூலி போடுகிறவர் அனுப்பிய ஃபார்மில் எந்தப் பெண் 'முதுகு வலிக்கிறது' என்று எழுதுவாள்? செவ்வாய்பேட்டையில் பட்டறைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கிடைத்த பதில் எல்லாம் 'கூலி போதும்'தான்.

நீ இணைத்திருந்த கேள்விகளையும் படித்தேன். 'தங்கள் பணி-வாழ்க்கைச் சமநிலை திருப்திகரமாக உள்ளதா?' என்று ஐந்து கட்டம் போட்டிருக்கிறாய். இது இங்கிலீஷிலிருந்து இறங்கிய கேள்வி, மலையில் யாருக்கும் விளங்காது. வேலை விட்டு வீடு வந்து சேர எத்தனை மணி ஆகிறது? வந்ததும் சோறு ஆக்குவது யார்? ராத்திரி படுக்கும்போது எங்கே வலிக்கிறது? இப்படிக் கேள். முதலில் ஐந்தாறு பெண்களிடம் வாசித்துக் காட்டு. எந்தக் கேள்விக்கு அவர்கள் 'என்ன கண்ணு?' என்று உன்னைத் திருப்பிக் கேட்கிறார்களோ, அதை அடித்துவிடு.

சமூக ஊடகத்தில் கேட்பதே கூடாது என்று சொல்ல வரவில்லை. சேலத்துக் கல்லூரிப் பிள்ளைகள் இன்ஸ்டாவில் எத்தனை நேரம் போக்குகிறார்கள், தட்டுவடை செட்டைக் கடையில் நின்று சாப்பிடுகிறார்களா ஆர்டர் போடுகிறார்களா என்பது உன் ஆய்வாக இருந்தால், ஆட்கள் இருக்கிற இடத்திலேயே கேட்கிறாய். அப்போதும் எந்தக் குரூப்பிலிருந்து வந்தார் என்று ஒரு கேள்வி வை. முதல் பக்கத்தில் ஆய்வு எதற்கு, பதிலை யார் பார்ப்பார்கள், விருப்பமில்லாவிட்டால் விட்டுவிடலாம் என்று தமிழில் எழுது. போன் நம்பர், பெயர் கேட்காதே. 18 வயது ஆகாதவர்களை விட்டுவிடு. ரீசார்ஜ் பரிசு அறிவிக்கவே அறிவிக்காதே, ஒரே பையன் பத்துப் பெண்ணாக வருவான்.

இனி உன் வேலை. அந்த 187-ஐ முன்னோட்டம் என்று சொல்லி ஒரு பக்கத்தில் எழுதி முடி. கைடிடம் போய், 'ஏற்காடு முழுக்க' என்ற சொல்லை எடுத்துவிடலாமா என்று கேள். நாகலூரோ மஞ்சக்குட்டையோ, ஏதோ ஒரு பக்கம் இரண்டு தோட்டம் எடுத்துக்கொள். அங்கே 70 பெண்கள் வேலை செய்கிறார்கள் என்றால் 70 பேரிடமும் கேட்டுவிடு, சூத்திரமே வேண்டாம். ஒருவர் விடாமல் கேட்ட 70, யார் என்றே தெரியாத 400-ஐவிடப் பரீட்சகர் முன்னால் தைரியமாக நிற்கும். கைடு மறுத்தால் இந்தப் பக்கத்தைக் காட்டு; திட்டு எனக்கு விழட்டும்.

துறைத் தலைவரிடம் கடிதம் வாங்கி எஸ்டேட் மேனேஜரிடம் கொடு, ஆனால் கேள்வியைத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டு வாசலில் கேள், ஸ்டோர் முன்னால் வேண்டாம். போனை வெளியே எடுக்காதே. தாளில் நீயே எழுது. சாயங்காலம் ஐந்துக்கு மேல்தான் ஆள் கிடைப்பார்கள். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் திரும்பக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள். ஸ்வெட்டர் எடுத்துப் போ. பழம் பறிப்பு முடிவதற்குள் ஏறிவிடு. முடிந்துவிட்டால் கூலிக்கு வந்த பெண்களில் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள்.