தெருச்சண்டை வீடியோவில் தெளிவாகப் பதிவாகியும் இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் பென் ஸ்டோக்ஸ் எப்படி விடுதலை ஆனார்?

வீடியோவைப் பார்த்த எல்லோருக்கும் வரும் சந்தேகம்தான் இது. ஆனால் "அடித்தாரா, இல்லையா" என்பதற்காக மட்டும் நடந்த வழக்கு இல்லை அது. அடித்ததை ஸ்டோக்ஸே மறுக்கவில்லை.

2017 செப்டம்பர் 24, பிரிஸ்டலில் வெஸ்ட் இண்டீஸுடன் ஒருநாள் ஆட்டம். இங்கிலாந்தின் மொயின் அலி 57 பந்தில் 102 விளாசிய மேட்ச். ஜெயித்த ஜோரில் ஸ்டோக்ஸும் சக வீரர் அலெக்ஸ் ஹேல்ஸும் ஊர் சுற்றக் கிளம்பினார்கள். இரவு இரண்டு மணிக்கு மேல் ஒரு கிளப்பில் மறுபடி உள்ளே விடவில்லை. வாசல் காவலரோடு வாக்குவாதம், அப்புறம் கொஞ்சம் தள்ளி நடுத்தெருவில் வேறு சிலரோடு கைகலப்பு. எதிரே இருந்தவர்களில் ஒருவர் மயங்கி விழுந்தார், இன்னொருவருக்குக் கண்குழி எலும்பு முறிந்தது.

இப்படி எலும்பு முறிந்தால் நம் ஊர்ப் போலீஸ் முதலில் கொடுங்காயப் பிரிவைத்தான் தேடும். அங்கே அரசுத் தரப்பு ஸ்டோக்ஸ் மீதும் எதிரே நின்ற இருவர் மீதும் போட்டது, பொது இடத்தில் கலவரமாகச் சண்டையிட்டதாக ஒரே குற்றச்சாட்டு. 1986ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டத்தின் 3வது பிரிவு, அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. ஹேல்ஸ் மீது வழக்கே இல்லை.

சிக்கல் இந்தப் பிரிவில்தான். அடி விழுந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. அது சட்டவிரோத வன்முறையாக இருக்க வேண்டும். சாதாரண மனத்திடம் உள்ள ஒருவர் அங்கே நின்றிருந்தால் தன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்று பயந்திருப்பார் என்றும் நிரூபிக்க வேண்டும். தற்காப்பு என்று குற்றம்சாட்டப்பட்டவர் சொல்லிவிட்டால், அது தற்காப்பு இல்லை என்று காட்டும் பொறுப்பும் அரசுத் தரப்பின் தலையில்தான்.

ஸ்டோக்ஸ் சொன்ன கதை: தெருவில் ஓரினச்சேர்க்கையாளர் இருவரைச் சிலர் கேலி செய்தார்கள், நான் தட்டிக்கேட்டேன், பிறகு என்னையும் மற்றவர்களையும் காப்பாற்றிக்கொள்ள அடித்தேன். அரசு வழக்கறிஞரோ, அவர் நிதானம் இழந்து பழிவாங்கினார் என்றார். ஐந்தாறு வோட்கா குடித்ததாகக் குறுக்கு விசாரணையில் ஸ்டோக்ஸே ஒப்புக்கொண்டார், போதையில் இல்லை என்றும் சொன்னார் (நம்புவது உங்கள் இஷ்டம்). ஆனால் எதிராளி கையில் பீர் பாட்டில் இருந்ததும் கேமராவில் பதிவாகியிருந்தது. கையில் பாட்டிலோடு ஒருவன் நின்றால் தற்காப்பு வாதத்தைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது.

என்னைக் கேட்டால் அரசுத் தரப்பு கோட்டைவிட்டது விசாரணைக்கு முன்பேதான். காயம் விளைவித்த தாக்குதல் என்று ஸ்டோக்ஸ் மீது தனியாக இரண்டு குற்றச்சாட்டுகளைச் சேர்க்கக் கேட்டார்கள், அதுவும் விசாரணையின் முதல் நாளில்! கடைசி நேரத்தில் ஏற்க முடியாது என்று நீதிபதி மறுத்துவிட்டார். சம்பவம் நடந்து பத்து மாதம் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வழக்கு நடந்த சமயமும் நமக்கு மறக்காது. 2018 ஆகஸ்ட் 4, நமக்கு எதிரான எட்ஜ்பாஸ்டன் டெஸ்டில் கோலியை எல்பிடபிள்யூ ஆக்கி இங்கிலாந்தை 31 ரன்னில் ஜெயிக்க வைத்தார். 6ஆம் தேதி பிரிஸ்டல் கோர்ட்டில் நின்றார். அதனால் லார்ட்ஸ் டெஸ்டில் ஆட முடியாமல் போச்சு. நடுவில் எதிராளிகளில் ஒருவரை நீதிபதியே விடுவிக்கச் சொன்னார். மீதியிருந்த ஸ்டோக்ஸையும் பாட்டில்காரரையும் 14ஆம் தேதி ஜூரி (பொதுமக்களிலிருந்து எடுத்த நடுவர் குழு) குற்றவாளி இல்லை என்றது. ஜூரி காரணம் சொல்வதில்லை, ஆகவே எந்த இடத்தில் சந்தேகம் வந்தது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. நான்கு நாள் கழித்து டிரெண்ட் பிரிட்ஜில் நமக்கு எதிராக ஆடினார்.

விடுதலையானதால் கிரிக்கெட் அமைப்பு சும்மா விட்டுவிடவில்லை. ஆட்டத்துக்கு அவப்பெயர் என்று அந்த டிசம்பரில் 30,000 பவுண்டு அபராதமும் எட்டு ஆட்டத் தடையும் போட்டார்கள். ஏற்கெனவே ஆடாமல் விட்ட ஆட்டங்களைத் தடையில் கழித்துக்கொண்டதால், புதிதாக ஒரு மேட்ச்கூட அவர் உட்கார வேண்டியிருக்கவில்லை.