ஸ்கேன் பண்ணிவிட்டுத் தூக்கிப் போடலாமா?

கேள்வி: 1985-ல் படிக்க வந்து நியூயார்க் ஃப்ளஷிங்கில் தங்கியவன் நான். மெட்ஸ் பேஸ்பால் அணியும் ராக் இசையும்தான் என் இளமை. இப்போது வீட்டை விற்றுவிட்டு டெக்சாஸில் மகனோடு இருக்கப் போகிறோம். பென்சிலால் எழுதிய ஸ்கோர் கார்டுகள், கிழித்த டிக்கெட்டுகள், இசைத்தட்டுகள் என்று இரண்டு பெட்டி இருக்கிறது. "ஸ்கேன் பண்ணிட்டுத் தூக்கிப் போடுங்கப்பா" என்கிறான் மகன். பேஸ்பாலுக்கும் கிடாருக்கும் கண் கலங்குவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?
- பெயர் வேண்டாம், நியூயார்க்

பதில்: சார், முதலில் அந்தக் கூச்சத்தை விடுங்கள். யாரையும் தெரியாத ஊரில் இருபத்தி சொச்சம் வயதில் தனியாக நின்றபோது, பக்கத்து சீட்டுக்காரர் நம் தோளைத் தட்டிக் கத்தியது மெட்ஸின் பழைய மைதானமான ஷே ஸ்டேடியத்தில்தானே? நானும் அந்தப் பக்கத்துக்காரிதான். ஷேக்குப் போக 7-ஆம் நம்பர் ரயிலில் மெயின் ஸ்ட்ரீட்டுக்கு முந்தின ஸ்டாப். காலையில் பௌன் தெருப் பிள்ளையார் கோயில், மத்தியானம் மேட்ச் என்று நெற்றியில் விபூதியோடு போன நாட்கள் எனக்கும் உண்டு.

1986 அக்டோபர் 25, பேஸ்பால் சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்ட் சீரிஸின் ஆறாவது ஆட்டம். பத்தாவது இன்னிங்ஸ், பாஸ்டன் அணி 5-3 முன்னிலை, மெட்ஸுக்கு இரண்டு அவுட், இன்னொன்று விழுந்தால் ஆட்டம் முடிந்தது, பேஸில் ஒருத்தர்கூட இல்லை. நான் டிவியை அணைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். மாடி வீட்டுப் பெரியவர் போட்ட சத்தத்தில் ஓடி வந்து மறுபடி போட்டால், வரிசையாக மூன்று சிங்கிள் (முதல் பேஸ் வரை ஓட வைக்கும் அடி), ஒரு வைல்ட் பிட்ச் (பிடிக்க முடியாதபடி விலகிப் போன வீச்சு), ஸ்கோர் சமம். அப்புறம் நம்ம மூக்கி வில்சன் அடித்த பந்து உருண்டு போய் பாஸ்டனின் முதல் பேஸ்காரர் பில் பக்னரின் காலுக்கு நடுவே ஓடியதே, அதை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். 6-5, மெட்ஸ் ஜெயித்துவிட்டது. எனக்கு ஸ்கோர் எழுதச் சொல்லிக்கொடுத்ததே அந்தப் பெரியவர்தான். அந்தக் கட்டத்தில் 'இ 3' என்று போட வேண்டும், முதல் பேஸ்காரரின் தவறு என்று அர்த்தம். கை நடுங்கி அழுத்திய அழுத்தில் பென்சில் முனை ஒடிந்து தாள் ஓட்டையாகிவிட்டது.

போன வருடம் என் மகள் அந்தத் தாளை ஸ்கேன் பண்ணினாள். திரையில் ஓட்டை ஒரு கறுப்புப் புள்ளியாக விழுந்திருந்தது, அழுக்கு என்று நினைத்து அதை அழித்தும்விட்டாள்! கோபப்படாமல் உட்கார வைத்துக் கதையைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அந்தத் தாள் தனக்கு வேண்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டாள். உங்கள் மகன் கண்ணுக்கு அது வெறும் காகிதமாகத் தெரிகிறதென்றால், அதைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதனால் இரண்டு பெட்டியையும் அப்படியே டெக்சாஸுக்குக் கொண்டுபோக வேண்டாம். பார்த்தவுடன் பக்கத்தில் இருந்த ஆளின் முகம் ஞாபகம் வருகிற டிக்கெட்டுகளையும் கார்டுகளையும் மட்டும் எடுங்கள், பின்பக்கம் பென்சிலால் நாலு வரி எழுதுங்கள்: யாரோடு போனீர்கள், மழையா, திரும்பும்போது ரயிலில் என்ன பேசினீர்கள். தட்டுகளிலும் அதே கணக்குதான். மற்றவற்றைப் பழைய இசைத்தட்டுக் கடையில் கொடுத்துவிடுங்கள், வேறொருவர் வீட்டில் ஒலிக்கட்டும்.

வீட்டைக் காலி பண்ண மகன் வருவார் இல்லையா, அப்போது ஒரு மணி நேரம் ஒதுக்கி அவரை மெட்ஸின் புது மைதானமான சிட்டி ஃபீல்டின் பார்க்கிங்குக்குக் கூட்டிப் போங்கள். ஷே இருந்த இடம் அதுதான். 2009-ல் இடித்தாலும் பேஸ்கள் இருந்த இடங்களைத் தரையில் பதித்து அடையாளம் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது பேஸில் நில்லுங்கள். 1965 ஆகஸ்ட் 15 அன்று பீட்டில்ஸ் இசைக்குழுவுக்கு மேடை போட்டது அங்கேதான். 55,000-க்கும் மேல் கூட்டம், கத்தின கத்தில் பாடியவர்களுக்கே தங்கள் பாட்டு கேட்கவில்லை. அன்று பள்ளிச் சிறுமியாகப் போயிருந்த ஒரு அம்மாள் பிற்பாடு என்னோடு வேலை பார்த்தார். ஒரு பாட்டும் காதில் விழவில்லை என்பார், ஆனால் அந்த டிக்கெட் அவர் பர்ஸை விட்டு நகர்ந்ததே இல்லை. 2008 ஜூலையில் அந்த மைதானத்தின் கடைசிக் கச்சேரி, பாடகர் பில்லி ஜோயலுடையது. அதற்கு பீட்டில்ஸில் ஒருவரான பால் மெக்கார்ட்னி லண்டனிலிருந்து பறந்து வந்து, நேராக மேடையேறிப் பாடினார். நாற்பத்து மூன்று வருடம் கழித்து அதே இடம். அந்த அம்மாள் அதற்கப்புறம் அலுவலகத்தில் என்னிடம் எதுவும் பேசவில்லை, பர்ஸைத் திறந்து காட்டிவிட்டு மூடிக்கொண்டார்.

அங்கே நிற்கும்போது நீங்களே மகனிடம் பேசுங்கள், அவர் போனில் பதிவு பண்ணட்டும். பாதியில் கண் கலங்கினால் கலங்கட்டும்.

அப்புறம், உங்களிடம் 1986 கார்டு ஏதாவது இருந்தால் அது எந்த ஆட்டம் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.