கோடீஸ்வரனுக்கு எதற்குச் சங்கம்? கேள்வி பதில்

அமெரிக்க பேஸ்பால் வீரர்களுக்கும் அணி முதலாளிகளுக்கும் இடையே நடப்பில் உள்ள கூட்டு ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 வரைதான். அதையொட்டி நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. என் பிழைப்பு தொழிற்சங்க வழக்குகள். பந்தை எப்படிச் சுழற்றுவது என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

வி., மதுரை: கோடி கோடியாகச் சம்பளம் வாங்குகிறவர்கள் ஸ்டிரைக் செய்வது அநியாயம் இல்லையா சார்?

சம்பளத்தை விடுங்கள். அந்த ஆள் வேலையை விட்டு வேறு இடத்துக்குப் போக முடியுமா என்று முதலில் பாருங்கள். பேஸ்பாலில் 1879-இல் தொடங்கி ஏறக்குறைய நூறு ஆண்டுகள் முடியாது. ஒப்பந்தத்தில் 'ரிசர்வ் கிளாஸ்' என்று ஒரு பிரிவு. ஆண்டு முடிந்ததும் அணி விரும்பினால் அதே ஒப்பந்தத்தை இன்னும் ஓராண்டு நீட்டிக்கலாம். நீட்டித்த ஒப்பந்தத்திலும் அதே பிரிவு இருக்கிறது, ஆகவே மறுபடியும் நீட்டிக்கலாம் என்றார்கள் முதலாளிகள். ஒருமுறை கையெழுத்துப் போட்டால் ஆயுளுக்கும் கட்டு. அணி அவரை விற்கலாம், வீட்டுக்கு அனுப்பலாம். அவர் மட்டும் எங்கும் போகக் கூடாது.

1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி கர்ட் ஃப்ளட் என்ற வீரரை ஃபிலடெல்ஃபியா அணிக்கு மாற்றியது. பன்னிரண்டு ஆண்டுகள் ஆடிய ஊர். ஆண்டுச் சம்பளம் 90,000 டாலர், அந்தக் காலத்தில் அது பெரிய பணம். அவர் போக மறுத்தார். டிசம்பர் 24 அன்று, முதலாளிகள் நியமித்த லீக் ஆணையர் போவி கூனுக்குக் கடிதம் எழுதினார்: என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கி விற்க நான் ஒரு சொத்து அல்ல. 'இவ்வளவு சம்பளம் வாங்குகிற நீங்கள் அடிமையா?' என்று தொலைக்காட்சியிலும் கேட்டார்கள், இப்போது நீங்கள் கேட்பது மாதிரியே. நல்ல சம்பளம் வாங்கும் அடிமையும் அடிமைதான் என்றார்.

வழக்கு 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் 5-3 என்று தோற்றது. பேஸ்பால் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் அல்ல, ஏகபோகத் தடைச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று 1922-இல் சொல்லி வைத்த தீர்ப்பு ஒன்று. அது பொருத்தமற்றது என்று தெரிந்தும், நாடாளுமன்றம் திருத்திக்கொள்ளட்டும் என்று நீதிபதிகள் கைகழுவினார்கள். எனக்கு அதைவிட உறுத்துவது வேறு. கீழ்க் கோர்ட்டில் விசாரணை நடந்தபோது, ஆடிக்கொண்டிருந்த வீரர் ஒருவர்கூட அந்தக் கோர்ட் பெஞ்சில் வந்து உட்காரவில்லை. ஓய்வுபெற்ற ஜாக்கி ராபின்சன் வந்து சாட்சி சொன்னார்.

செ., சேலம்: கோர்ட்டில் தோற்ற பிறகு எப்படித்தான் விடுதலை கிடைத்தது?

இதுதான் கேள்வி. கோர்ட்டில் கிடைக்காதது பேச்சுவார்த்தை மேசையில் கிடைத்தது. உருக்குத் தொழிலாளர் சங்கத்தில் பொருளாதார வல்லுநராக இருந்த மார்வின் மில்லர் 1966-இல் வீரர் சங்கத்துக்கு வந்தார். அப்போது குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 6,000 டாலர். 1968-இல் முதல் கூட்டு ஒப்பந்தம் போட்டு அதை 10,000 ஆக்கினார். 1970 ஒப்பந்தத்தில் இன்னொன்றைச் சேர்த்தார்: தகராறு வந்தால் ஆணையர் அல்ல, வெளியாள் ஒருவர் நடுவராக இருந்து தீர்ப்பார். நம் ஊரில் 12(3) ஒப்பந்தம், அதாவது தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் சமரச ஒப்பந்தம், போட்டுப் பழகியவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும். கூலி உயர்வு மூன்று வருடத்தில் கரைந்துவிடும். தகராறை யார் தீர்ப்பது என்ற ஷரத்துதான் நிற்கும்.

1975-இல் ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமலே அந்த ஆண்டு முழுக்க ஆடினார். டேவ் மெக்னாலியும் கையெழுத்துப் போடவில்லை. நீட்டித்த ஓராண்டு முடிந்துவிட்டது, இனி நாங்கள் யாருக்கும் கட்டுப்பட்டவர்கள் அல்ல என்றார்கள். நடுவர் பீட்டர் சைட்ஸ் டிசம்பர் 23 அன்று ஒப்புக்கொண்டார்: ஓராண்டு என்றால் ஓராண்டுதான். தீர்ப்பைக் கையில் வாங்கிய சூட்டோடு முதலாளிகள் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். தீர்ப்பை நீக்க முடியவில்லை.

இதற்கு அப்புறம் நடந்ததைத்தான் பலர் கவனிப்பதில்லை. எல்லா வீரர்களுக்கும் ஒரே நேரத்தில் விடுதலை என்றால் மில்லர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? அவர் பயந்தார். ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான வீரர்கள் ஒன்றாகச் சந்தைக்கு வந்தால் விலை விழுந்துவிடும். ஓக்லண்ட் அணி முதலாளி சார்லி ஃபின்லி ஒருவர்தான் 'எல்லாரையும் விட்டுவிடுங்கள்' என்று கத்தினார்; மற்ற முதலாளிகள் அவரைப் பொருட்படுத்தவில்லை. ஆறு ஆண்டு ஆடினால் விடுதலை என்று 1976-இல் ஒப்பந்தம் ஆனது. தாங்கள் வென்றுவிட்டதாக முதலாளிகள் நினைத்த இடத்தில்தான் சம்பளம் எகிறத் தொடங்கியது.

ஜெ., கனடா: 2004-05-இல் ஐஸ் ஹாக்கி வீரர்கள் ஸ்டிரைக் செய்து ஒரு சீசனையே கெடுத்தார்களே?

ஸ்டிரைக் இல்லை. கதவடைப்பு. கேட்டைப் பூட்டியது முதலாளிகள். முழு சீசனும் போய், அந்த ஆண்டு ஸ்டான்லி கோப்பையே யாருக்கும் கொடுக்கப்படவில்லை. கேட்டை யார் பூட்டினார்கள் என்று பார்த்துவிட்டுத் திட்டுங்கள்.

பா., திண்டுக்கல்: 1994 பேஸ்பால் ஸ்டிரைக்கில் யார் மேல் தப்பு அண்ணா?

முதலாளிகள் சம்பள உச்சவரம்பு வேண்டும் என்றார்கள், அதாவது ஓர் அணி வீரர்களுக்கு மொத்தமாக இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று. நஷ்டம், சின்ன ஊர் அணிகள் செத்துக்கொண்டிருக்கின்றன என்றார்கள். நஷ்டம் என்று எந்த முதலாளி சொன்னாலும் கணக்குப் புத்தகத்தைக் கேளுங்கள். 1985-87 காலத்தில் வெளியே வந்த வீரர்களை யாரும் வாங்குவதில்லை என்று தங்களுக்குள் கூடிப் பேசி வைத்துக்கொண்டு, பிறகு பிடிபட்டு 28 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டவர்கள் இதே முதலாளிகள்தான். அவர்கள் வார்த்தையை வீரர்கள் ஏன் நம்ப வேண்டும்?

ஸ்டிரைக் ஆகஸ்ட் 12-இல் ஆரம்பித்ததும் கணக்குப் போட்டுத்தான். வீரர்களுக்குச் சம்பளம் சீசன் நடக்கும் மாதங்களில் வரும். ஆகஸ்டுக்குள் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். முதலாளிகளுக்குப் பெரிய தொலைக்காட்சிப் பணம் அக்டோபர் ஆட்டங்களில். வலி அந்தப் பக்கம் இருக்கும் நாளைப் பார்த்து இறங்கினார்கள். அப்படியும் முதலாளிகள் அசையவில்லை. செப்டம்பர் 14 அன்று, சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடரையே ரத்து செய்தார்கள். 1904-க்குப் பிறகு முதல் முறை. 74 வெற்றி, 40 தோல்வி என்று பட்டியலில் எல்லாருக்கும் மேலே இருந்த மாண்ட்ரியல் எக்ஸ்போஸ் அதிலிருந்து எழவே இல்லை. பத்து ஆண்டு கழித்து அந்த அணியே வாஷிங்டனுக்குப் போய்விட்டது.

முடித்து வைத்தது ஒரு நீதிபதி. முதலாளிகள் பேச்சுவார்த்தையை நேர்மையாக நடத்தவில்லை, பழைய விதிகளையே தொடர வேண்டும் என்று 1995 மார்ச் 31 அன்று தடையாணை போட்டார். பெயர் சோனியா சோட்டோமேயர். இப்போது உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறார்.

எம்., திருப்பூர்: தோழர், 1995-இல் ஸ்டிரைக்கை உடைக்க வந்த மாற்று வீரர்கள் கருங்காலிகள்தானே? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் சொல்ல மாட்டேன். ஸ்டிரைக்கை உடைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் யார் அவர்கள்? பெரும்பாலும் கீழ்மட்ட லீக்கில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். நம் மில்களில் பதிலி தொழிலாளி இருப்பார் பாருங்கள், கேட்டில் நின்று இன்றைக்கு வேலை உண்டா என்று கேட்பவர், அவர் மாதிரி. அவர்களைச் சங்கம் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டதே இல்லை. சேர்த்துக்கொள்ளாத ஆளிடம் விசுவாசம் எதிர்பார்ப்பது எப்படி?

கு., அம்பத்தூர்: எங்கள் தொழிற்சாலையில் ஸ்டிரைக் நடந்தபோது உள்ளே போனவர்களும் இதே நியாயம்தான் சொன்னார்கள். 'எனக்குக் குடும்பம் இருக்கிறது' என்று. எங்களுக்கு இல்லையா?

உங்கள் கோபம் புரிகிறது. கோபத்தை நான் மறுக்கவில்லை. ரிக் ரீட் என்ற பந்துவீச்சாளர் உள்ளே போனார், அம்மாவின் மருத்துவச் செலவுக்காக. சங்கம் அப்படிப் போனவர்களைக் கடைசிவரை உறுப்பினராக ஏற்கவில்லை. அப்படிப் போன இன்னொருவர் கெவின் மில்லார், 2004-இல் பாஸ்டன் அணியோடு உலகத் தொடரையே வென்றார். சங்க உரிமம் பெற்ற வெற்றிப் பொருட்களில் அவர் பெயர் வரவில்லை. ஒன்பது ஆண்டு கழித்தும் கணக்கு தீரவில்லை.

எம்., திருப்பூர்: அப்படியானால் மைக்கேல் ஜோர்டான்? அவரும் கீழ்மட்ட வீரர்தானே அப்போது? அவர் போகவில்லையே!

போகவில்லை, சரிதான். கூடைப்பந்தை விட்டுவிட்டு 1994-இல் பர்மிங்காம் பேரன்ஸ் அணியில் பேஸ்பால் ஆடினார். 1995 மார்ச்சில் மாற்று வீரர்களோடு ஆட மறுத்து விலகி, அதே மாதம் சிகாகோ புல்ஸுக்குத் திரும்பினார். பெருமைக்குரிய செயல். ஆனால் தோழர், ஜோர்டானுக்குத் திரும்பிப் போக புல்ஸ் இருந்தது. ரீடுக்கு என்ன இருந்தது?

இந்தப் பக்கமும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்பத்தூர்க்காரர் விடமாட்டார். மறுப்பு வீரர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. டெட்ராய்ட் மேலாளர் ஸ்பார்க்கி ஆண்டர்சன் மாற்று வீரர்களை வைத்து நடத்த மாட்டேன் என்று விலகி நின்றார். பால்டிமோர் முதலாளி பீட்டர் ஏஞ்சலோஸ் மாற்று அணியையே இறக்க மறுத்தார். தொழிற்சங்க வழக்குகளில் சம்பாதித்த வக்கீல் அவர். தவிர, தொடர்ந்து ஆடிய ஆட்டங்களின் சாதனையை நெருங்கிக்கொண்டிருந்த கால் ரிப்கன் அவர் அணியில் இருந்தார்; அவர் இல்லாமல் மாற்று அணி ஆடினால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும்.

சு., யாழ்ப்பாணம்: மேலே உள்ள சண்டைக்கு ஒரு முடிவு சொல்லுங்கோ அண்ணை. சங்கம் பிழையா, போனவை பிழையா?

சங்கம்தான் முதலில் பிழை விட்டது தங்கச்சி. அதைத் திருத்த 27 ஆண்டு எடுத்தது. 2022 செப்டம்பரில்தான் கீழ்மட்ட லீக் வீரர்களைச் சங்கம் உள்ளே எடுத்தது. 2023-இல் அவர்களுக்கான முதல் ஒப்பந்தம். மேல் படியான டிரிபிள்-ஏ வீரரின் ஆண்டுச் சம்பளம் 17,500 டாலரிலிருந்து 35,800 ஆனது. அடிமட்டப் பயிற்சி லீக்கில் 4,800-ஆக இருந்தது 19,800 ஆனது. அந்த 4,800-ஐ ஒருமுறை மறுபடி படியுங்கள். 2022-இல் உச்ச லீக்கின் குறைந்தபட்சச் சம்பளம் 7,00,000 டாலர். இடையில் இருந்த இந்தப் பள்ளத்தில்தான் கருங்காலி முளைக்கிறான்.

எம்., திருப்பூர்: முதலாளியை விட்டுவிட்டுச் சங்கத்தைக் குறை சொல்கிறீர்கள்.

முதலாளியைக் குறை சொல்லி மேலே பத்திகள் இருக்கின்றன. படித்துவிட்டு வாருங்கள்.

ரா., ஓசூர்: மில்லியன் கணக்கில் வாங்கும் வீரர்களுக்குச் சங்கம் அவசியமா?

மதுரை வி.-க்குச் சொன்ன பதில்.

த., பாளையங்கோட்டை: டபிள்யூடபிள்யூஇ மல்யுத்த வீரர்களுக்குச் சங்கம் உண்டா?

கிடையாது. தொழிலாளி அல்ல, 'தனி ஒப்பந்ததாரர்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

ந., ஈரோடு: என் பையனுக்கு நல்ல கிரிக்கெட் மட்டை எது?

பயிற்சியாளரைக் கேளுங்கள் அம்மா.

க., தாம்பரம்: ஐபிஎல்லில் ஏன் இப்படி எதுவும் நடப்பதில்லை? நம் வீரர்களுக்கு நல்ல பணம்தானே?

ரிஷப் பந்தின் 27 கோடியைப் பார்த்துச் சொல்கிறீர்கள். மொத்தத்தைப் பாருங்கள். 2023 முதல் 2027 வரை ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி. ஆண்டுக்கு ஏறக்குறைய 9,678 கோடி. 2025-இல் ஓர் அணி வீரர்களுக்குச் செலவிடலாம் என்று வைத்த மொத்த வரம்பு, ஆட்ட ஊதியம் எல்லாம் சேர்த்து, 146 கோடி. பத்து அணிக்கு 1,460 கோடி. ஒளிபரப்புப் பணத்தில் மட்டுமே கணக்குப் போட்டால் 15 சதவீதம். டிக்கெட், விளம்பரம் தனி. அமெரிக்காவில் கூடைப்பந்திலும் ஐஸ் ஹாக்கியிலும் லீக் வருமானத்தில் ஏறக்குறைய பாதி வீரர்களுக்குப் போகிறது. அந்தப் பாதி ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பாதி.

இங்கே ஆடிக்கொண்டிருக்கும் வீரர்களுக்குப் பேச்சுவார்த்தை நடத்தும் சங்கமே இல்லை. 2019-இல் வந்த இந்திய கிரிக்கெட் வீரர்கள் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கானது. ஏலத்தில் கை தூக்குவது முதலாளி, விதி எழுதுவது வாரியம். வீரர் டிவியில் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்.

அ., கொழும்பு: 2014-இல் மேற்கிந்தியத் தீவுகள் அணி இந்தியாவில் பாதியில் விட்டுப் போனது எந்த வகை?

ருசியான வழக்கு, ஏனென்றால் அவர்கள் கோபம் வாரியத்தின் மேல் மட்டுமல்ல, தங்கள் சங்கத்தின் மேலும்தான். தங்களைக் கேட்காமல் சங்கம் சம்பளத்தைக் குறைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டது என்றார் கேப்டன் டுவைன் பிராவோ. அக்டோபர் 17 அன்று தர்மசாலாவில் ஆடிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். மூன்று டெஸ்ட், ஒரு டி20, கடைசி ஒருநாள் ஆட்டம் எல்லாம் போயின. அந்த இடத்தை நிரப்ப அவசரமாக வந்தது உங்கள் அணிதான். கொல்கத்தாவில் ரோகித் சர்மா 264 அடித்தாரே, அந்தத் தொடர். இலங்கை வீரர்கள் கருங்காலிகளா என்று திருப்பூர் எம். கேட்பதற்குள் அடுத்த கேள்விக்குப் போகிறேன்.

லோ., வேலூர்: கோடீஸ்வரர்கள் ஸ்டிரைக் செய்தால் ரசிகன் என்ன செய்வது?

இந்தக் கேள்வி இனி இன்னொரு வடிவத்தில் வந்தால் பதில் சொல்ல மாட்டேன். ரசிகர் டிக்கெட்டை வாங்காமல் இருக்கலாம். 1995-இல் அமெரிக்க ரசிகர்கள் அதைத்தான் செய்தார்கள்.

செ., சேலம்: 2026 டிசம்பரில் கதவடைப்பு வருமா?

வந்தாலும் பதற வேண்டாம். 2021-லும் ஒப்பந்தம் முடிந்த கையோடு, டிசம்பர் 2 அன்றே பூட்டினார்கள். 99 நாள் கழித்து மார்ச் 10 அன்று திறந்தார்கள். 162 ஆட்டங்களும் நடந்தன. டிசம்பரில் பூட்டினால் யாருக்கும் வலிக்காது, ஏனென்றால் குளிர்காலத்தில் வீரருக்குச் சம்பளமும் இல்லை, முதலாளிக்கு வசூலும் இல்லை. மார்ச் கடைசியில் கேட் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவின் நான்கு பெரிய லீக்குகளில் சம்பள உச்சவரம்பு இல்லாதது பேஸ்பால் மட்டும்தான். முதலாளிகள் அதை மறுபடி மேசையில் வைத்து, பின்வாங்காமல் நின்றால், சீசனில் ஆட்டங்கள் போகும். அதை வைக்காவிட்டால் கடைசி வாரத்தில் எப்படியும் கையெழுத்தாகிவிடும்.