யோகா கேள்வி–பதில்: பத்தாவது நாளில் ஏன் நின்றுபோகிறது?

கேள்வி: ஒவ்வொரு முறையும் ஆசையாகத்தான் ஆரம்பிக்கிறேன். காலை 5 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் யோகா செய்வேன். பத்து நாள் தாண்டுவதில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நானும் வேலைக்குப் போக வேண்டும். விடாமல் செய்ய என்ன வழி?
– வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: அந்த ஒரு மணி நேரம்தான் சிக்கல். பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டுக்கு விருந்தாளி, குழாயில் தண்ணீர் வரும் நாள் என்று ஏதாவது ஒன்று அதைத் தின்றுவிடும். ஒரு நாள் விட்டால் மறுநாள் எழவே மனம் வராது. 15 நிமிடத்தில் ஆரம்பியுங்கள். முதல் ஆறு வாரம், நேரம் மிச்சமிருந்தாலும் கூட்டாதீர்கள். 'இன்னும் கொஞ்சம் செய்திருக்கலாமே' என்ற குறையோடு எழுந்திருப்பது நல்லதுதான்.

மணியைப் பார்த்து ஆரம்பிப்பதைவிட, தினமும் எப்படியும் நடக்கிற ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள். பல் துலக்கிய கையோடு, காபிக்கு முன்னால் என்று வைத்துக்கொள்ளலாம். அரை டம்ளர் தண்ணீர் குடித்தால் போதும். மாலையில் செய்வதானால் மதியச் சாப்பாடு முடிந்து குறைந்தது மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து மட்டும் செய்யாதீர்கள். கவனமெல்லாம் பாலில்தான் இருக்கும்.

15 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் 2 நிமிடம் கழுத்து, தோள், இடுப்பு, கணுக்கால் மூட்டுகளை மெதுவாக அசைக்க. கழுத்தை முழு வட்டமாகச் சுழற்ற வேண்டாம். பக்கவாட்டிலும் மேலும் கீழும் போதும். அடுத்து மூச்சோடு சேர்த்துத் தாடாசனம் (நேராக நின்று கைகளை மேலே தூக்கி உடம்பை நீட்டுவது) 3 முறை. பிறகு சூரிய நமஸ்காரம் 2 சுற்று. வலக்கால் ஒரு முறை, இடக்கால் ஒரு முறை சேர்ந்தால்தான் ஒரு சுற்று. 2 சுற்றுக்கு 4 நிமிடம் ஆகட்டும். அதன்பின் புஜங்காசனம் (குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்குவது) 2 முறை, ஒவ்வொன்றிலும் 5 மூச்சு. வக்ராசனம் (உட்கார்ந்து இடுப்புக்கு மேல் உடம்பைப் பக்கவாட்டில் திருப்புவது) இரு பக்கமும் 5 மூச்சு. மூச்சை அடக்காமல் நாடி சுத்தி (ஒரு மூக்குத் துவாரம் மாற்றி மற்றொன்றில் மூச்சு விடுவது) 2 நிமிடம்: 4 எண்ணும் வரை உள்ளே, 6 எண்ணும் வரை வெளியே. கடைசி 3 நிமிடம் சவாசனம், அதாவது மல்லாந்து படுத்து உடம்பைத் தளர விடுவது.

தவறு நடப்பது பெரும்பாலும் இரண்டு இடங்களில். சூரிய நமஸ்காரத்தில் முன்னால் குனியும்போது முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு முதுகை வளைத்துத் தரையைத் தொடப் பார்க்கிறோம். தொடையின் பின்தசை இறுக்கமாக இருந்தால் பாரம் முழுவதும் இடுப்புக்கு மேல் உள்ள கீழ்முதுகில் விழும். முழங்காலைத் தாராளமாக மடக்குங்கள். வயிறு தொடையில் பட்டால் சரி. இரண்டாவது, புஜங்காசனத்தில் கையை ஊன்றி உடம்பைத் தள்ளித் தூக்குவது. ஒரு நொடி உள்ளங்கைகளைத் தரையிலிருந்து எடுத்துப் பாருங்கள். முதுகுத் தசை எவ்வளவு உயரம் தாங்குகிறதோ அதுதான் இப்போதைக்கு உங்கள் உயரம்.

அவசர நாளுக்கு ஒரு சின்னப் பதிப்பும் இருக்கட்டும்: சூரிய நமஸ்காரம் ஒரு சுற்று, சவாசனம் 2 நிமிடம். அதைச் செய்த நாளும் யோகா செய்த நாள்தான். பெரும்பாலானோர் நேரமில்லை என்று முதலில் வெட்டுவது சவாசனத்தைத்தான். வேண்டுமானால் மற்ற ஆசனத்தில் ஒன்றைக் குறையுங்கள், சவாசனத்தை விடாதீர்கள்.

கேள்வி: வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. நாள் முழுக்கச் சம்மணம் போட்டுக் குனிந்தே உட்கார்ந்திருக்கிறேன். கீழ்முதுகும் முழங்காலும் வலிக்கின்றன. பத்மாசனம் பழகினால் சரியாகுமா?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: பத்மாசனம் இப்போது வேண்டவே வேண்டாம். அதில் கால் திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டில். இடுப்பு திரும்ப மறுத்தால் அந்தத் திருகலை முழங்கால் வாங்கிக்கொள்ளும். மடங்கி நீள்வதற்கான மூட்டு அது, திருகலைத் தாங்காது. சோதித்துப் பார்க்க ஒரு வழி: மடித்த போர்வைமேல் உட்கார்ந்து இரு பாதங்களையும் சேர்த்து வையுங்கள். முழங்கால்கள் இடுப்பைவிட உயரமாக நின்றால் இடுப்பு இன்னும் தயாராகவில்லை.

நாள் முழுக்க முன்னால் மடங்கியிருக்கும் உடம்புக்கு மறுபக்கம்தான் தேவை. வேலை முடிந்ததும் குப்புறப் படுத்து, மடித்த கைகள்மேல் தலையை வைத்து மகராசனத்தில் 2 நிமிடம். பிறகு புஜங்காசனம், தாழ்வாக. மல்லாந்து படுத்து சேதுபந்தாசனம் (முழங்காலை மடக்கிப் பாதத்தை ஊன்றி இடுப்பைத் தூக்குவது) 3 முறை, 5 மூச்சு வீதம். பாதங்கள் இடுப்பு அகலத்தில் இருக்கட்டும், முழங்கால் வெளியே சாய வேண்டாம். அடுத்தது முக்கியம்: ஒரு காலை முன்னால் ஊன்றி, மற்ற முழங்காலை மடித்த போர்வைமேல் வைத்து இடுப்பை முன்னுக்குத் தாழ்த்துங்கள். பின்கால் பக்கத்துத் தொடையின் மேல்பகுதி இழுபட வேண்டும். பக்கத்துக்கு 30 நொடி. நீண்ட நேரம் உட்காருவதால் இறுகுவது இந்த இடம்தான். கீழ்முதுகு வலியை அது கூட்டவும் செய்யும். கடைசியாகப் படுத்தபடி பாதத்தில் துண்டை மாட்டி ஒரு காலை மேலே நீட்டுங்கள், முழங்கால் லேசாக மடங்கியிருந்தாலும் குற்றமில்லை.

இவ்வளவும் செய்துவிட்டு மறுபடி நான்கு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் பலன் குறைவு. முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து பத்து அடி நடங்கள். உட்காரும் இடத்தில் நான்கு விரல் உயரத்துக்கு ஒரு திண்டு போட்டாலே முதுகு நிமிரும். மூச்சுப்பயிற்சியைப் பட்டறைக்குள் செய்ய வேண்டாம். பற்றவைக்கும் புகையை ஆழமாக இழுப்பதில் என்ன நன்மை?

வலி முதுகிலிருந்து முழங்காலுக்குக் கீழே ஓடினாலோ பாதம் மரத்தாலோ முன்னால் குனியும் ஆசனங்களை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் டிசம்பர், ஜனவரி காலைகளில் உடம்பு கட்டைபோல இருக்கிறது. குளிரிலும் விடியற்காலையில்தான் செய்ய வேண்டுமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: கட்டாயமில்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் கேள்வியில் சேலத்து வாசகிக்கு எழுதிய அட்டவணை அங்கே பொருந்தாது. பனி விலகிய பிறகு காலை 8 மணிக்கோ மாலையிலோ செய்யுங்கள். மூட்டு அசைவுகளை 2 நிமிடத்துக்குப் பதில் 6 நிமிடமாக்கி, உள்ளங்கை வெதுவெதுப்பான பிறகே குனியத் தொடங்குங்கள். சவாசனத்தில் போர்வை, காலுறை அவசியம். மூக்கு அடைத்திருந்தால் நாடி சுத்திக்காகப் பலவந்தமாக மூச்சிழுக்க வேண்டாம்; இரு மூக்கிலும் மெதுவாக விட்டால் போதும்.

ஏப்ரல், மே மாதச் சேலத்துக்கு இதற்கு நேர்மாறு. 6 மணிக்குள் முடித்துவிடுங்கள், சூரிய நமஸ்காரத்தைக் குறையுங்கள். வியர்வை அடங்கிய பிறகு குளியுங்கள்.

கேள்வி: தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வாரத்துக்கு வாரம் தூக்க நேரம் மாறுகிறது. எப்போது யோகா செய்வது?
– வாசகர், சூரமங்கலம்

பதில்: எழுந்த அரை மணிக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது பகல் 2 மணியாக இருந்தாலும் அதுதான் உங்கள் காலை. இரவு ஷிப்ட் முடிந்து வந்ததும் சூரிய நமஸ்காரமும் கபாலபாதியும் (வயிற்றை உள்ளிழுத்து மூச்சை வேகமாக வெளியே தள்ளும் பயிற்சி) வேண்டாம், வந்த தூக்கம் கலைந்துவிடும். சுவரில் காலைத் தூக்கிச் சாய்த்து 5 நிமிடம், பிறகு நீண்ட வெளிமூச்சோடு சவாசனம்.

கேள்வி: எனக்கு இரத்த அழுத்த மாத்திரை உண்டு. கபாலபாதி, சிரசாசனம் செய்யலாமா?
– வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: இரண்டும் வேண்டாம். கண்ணழுத்த நோய் உள்ளவர்களும் சிரசாசனத்தைத் தவிர்க்க வேண்டும். தலைகீழாக நிற்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறது. கர்ப்பிணிகள், குடலிறக்கம் உள்ளவர்கள், வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து அதிக நாள் ஆகாதவர்கள் கபாலபாதி செய்யக் கூடாது. உங்களுக்கு மூச்சை அடக்காத நாடி சுத்தியும் சவாசனமும் ஏற்றவை. எழும்போது பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி மெதுவாக எழுந்திருங்கள். யோகா செய்கிறோம் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது.

கேள்வி: கோரைப்பாய் போதுமா, யோகா மேட் வாங்க வேண்டுமா?
– வாசகி, கொண்டலாம்பட்டி

பதில்: படுத்தும் உட்கார்ந்தும் செய்பவற்றுக்குக் கோரைப்பாய்மேல் மடித்த ஜமுக்காளம் போதும். நின்று செய்யும் ஆசனங்களுக்கு டைல்ஸ் தரையில் அது வழுக்கும். வெறுங்காலோடு தரையிலேயே நில்லுங்கள். மேட் வாங்கினால் 4 முதல் 6 மில்லிமீட்டர் கனம் சரி. அதைவிடத் தடிமனானது மெத்தென்று இருந்தாலும் ஒற்றைக் காலில் நிற்கும்போது ஆடும். கழுவியதும் நிழலில் உலர்த்துங்கள், மொட்டை மாடி வெயிலில் போட்டால் சீக்கிரம் வெடித்து உதிரும்.