கிளை நூலகத்துக்குப் பதின்ம வயதுப் பிள்ளைகள் தொடர்ந்து வர என்ன நிகழ்ச்சி நடத்தலாம்?

கட்டுரைப் போட்டி, ஓவியப் போட்டி என்றால் பிள்ளைகள் வருகிறார்கள், சான்றிதழ் வாங்கியதும் எட்டிப் பார்ப்பதில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தக்கலைப் பக்கம் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இருக்கிறேன். எங்களுக்கும் இதே பாடுதான் இருந்தது.

போட்டியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் போட்டியில் பிள்ளைக்கு வேலை ஒரு மணி நேரம்தான். பரிசு வாங்கும் மூன்று பேர் போக, மற்றவர்களுக்குத் திரும்பி வர ஒரு காரணமும் இல்லை. இந்த வயதில் நாம் நடத்தி அவர்களை உட்கார்ந்து பார்க்கச் சொல்வது எதுவும் நிற்காது. அவர்களே பொறுப்பெடுத்துச் செய்கிற, ஒரே நாளில் முடியாத வேலை வேண்டும். அந்த வேலை நடுவில் ஏதாவது ஒரு புத்தகத்தைத் தேட வைக்கவும் வேண்டும்.

எங்களுக்கு அப்படி அமைந்தது பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்வது. நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்தோடு இணைந்தது. அதற்குமுன் திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. தமிழகத்தோடு இணையக் கேட்டு நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு இப்போது எண்பது வயது ஆகிவிட்டது. இன்னும் எத்தனை வருடம் அவர்களிடம் கேட்க முடியும் என்று நினைத்தாலே எனக்குப் பதற்றமாக இருக்கிறது.

பிள்ளைகள் கைப்பேசியோடு போய்த் தங்கள் வீட்டுப் பாட்டாவிடமோ (தாத்தாவை இங்கே அப்படித்தான் சொல்வோம்) பக்கத்து வீட்டு ஆச்சியிடமோ பேசுகிறார்கள். "போராட்டத்தைப் பற்றிச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தால் மேடைப் பேச்சுதான் வரும். "அன்னைக்குப் பள்ளிக்கூடம் இருந்துதா? வீட்ல என்ன சமையல்?" என்று கேட்டால் பேச்சு தானாக அவிழ்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் பாட்டாவைப் பதிவு செய்து வந்து எங்களுக்குப் போட்டுக் காட்டினாள். "மக்களே, அப்போ கடைக்குப் போனா சக்கரம்தான் கொண்டு போவோம்" என்கிறார் பாட்டா. கேட்டுக்கொண்டிருந்த பையன்களுக்குச் சக்கரம் என்றால் வண்டிச் சக்கரம். அது திருவிதாங்கூர் நாணயம் என்று சொன்னதும், ஒரு ரூபாய்க்கு எத்தனை சக்கரம் என்ற சண்டை வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அலமாரியில் உள்ளூர் வரலாற்று நூல்களை மேசைக்கு இழுத்துப்போட்டுத் தேடினார்கள். இருபத்தெட்டரைச் சக்கரம் ஒரு பிரிட்டிஷ் ரூபாய் என்று கண்டுபிடித்தபோது அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! நூலகத்தில் அதுவரை அந்த வரிசைப் பக்கம் யாரும் போனதே இல்லை.

பதிவு செய்யும் முன் அனுமதி கேட்கச் சொல்லுங்கள். வெளியில் போட்டுக் காட்ட வேண்டுமானால் வீட்டாரிடமும் கேட்க வேண்டும். குளச்சல், முட்டம் பக்கம் என்றால் கச்சான், கொண்டல், வாடை என்று காற்றின் பெயர்களையும் மீன் பெயர்களையும் கேட்டு எழுதலாம். ஒக்கிப் புயலைப் பற்றி மட்டும் பிள்ளைகளாகப் போய்க் கேட்க வேண்டாம். 2017-இல் கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகள் அங்கே உண்டு. அவர்களாகச் சொன்னால் உட்கார்ந்து கேட்கலாம், அவ்வளவுதான்.

அடுத்தது பறவைகள். ஒவ்வொரு பொங்கலுக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, 2015-இல் தொடங்கியது. நம் மாவட்டத்துக்கு அதில் பெரிய வசதி: சுசீந்திரம்-தேரூர், வேம்பனூர் நீர்நிலைகள் இரண்டும் 2022-இல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தவை. நூலகத்தில் இருக்கும் பறவைக் கையேட்டை எடுத்துக்கொண்டு காலையில் தேரூர் குளக்கரைக்குப் போங்கள். தாமரை இலைமேல் இலைக்கோழி நடப்பதை ஒரு தடவை பார்த்துவிட்ட பிள்ளை, அந்த நீள விரல்களால்தான் அதன் எடை பரவி இலை அமிழாமல் இருக்கிறது என்பதை மறக்காது. கவிமணி பிறந்த ஊரும் அதுதான் என்பதை அங்கேயே நின்று சொல்லிவிடலாம்.

செஸ், கேரம், சின்னப் பிள்ளைகளுக்குப் பெரிய பிள்ளைகள் கதை வாசித்துக் காட்டுவது எல்லாம் நல்லதுதான், இடையிடையே வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் எப்படி என்று பார்த்தால், அமெரிக்கப் பொது நூலகங்கள் பலவற்றில் பதின்ம வயதினரே உறுப்பினராக உள்ள ஆலோசனைக் குழு இருக்கிறது. என்ன நிகழ்ச்சி நடத்துவது என்பதில் அவர்கள் பேச்சுக்கு இடம் உண்டு. சிகாகோ நகரின் மைய நூலகத்தில் 2009-இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கென்றே ஓர் இடம் திறந்தார்கள். புத்தகத்தோடு ஒலிப்பதிவுக் கருவிகளும் அங்கே கிடைக்கும். நமக்கு அவ்வளவு கருவி வேண்டாம். கைப்பேசியும் ஒரு மேசையும் போதும். ஆனால் அந்தக் குழு கட்டாயம் வேண்டும். வாங்க வேண்டிய புத்தகங்களின் பட்டியலைப் பிள்ளைகளிடமே கேட்டு எழுதி நூலகரிடம் கொடுங்கள். கூச்சமே வேண்டாம், வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாக நாம்தான் கட்டுகிறோம்.

நேரம் குறிப்பதில்தான் பல நல்ல யோசனைகள் கெட்டுப்போகின்றன. கிளை நூலகங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளிதான் விடுமுறை, அதனால் ஞாயிறு கிடைக்கும். ஆனால் காலையில் வைத்தால் கோயிலுக்கும் திருப்பலிக்கும் போகிறவர்கள் வர முடியாது, சனிக்கிழமை டியூஷன். ஞாயிறு மாலை நாலு மணிக்கு ஆரம்பித்து ஐந்தரைக்குள் முடித்துவிடுங்கள். இருட்டுமுன் பஸ் பிடிக்க முடியாது என்றால் பெண் பிள்ளைகளை வீட்டில் அனுப்ப மாட்டார்கள். மழையும் நம் ஊரில் இரண்டு பருவத்திலும் உண்டு, வெளியே போகும் வேலையை அதைப் பார்த்து வையுங்கள். ஜனவரிக்குப் பிறகு பத்து, பன்னிரண்டு வகுப்புப் பிள்ளைகளை எதற்கும் கூப்பிட வேண்டாம். படிக்க அமைதியான ஒரு மேசை கொடுத்தால் அதுவே அவர்களுக்குப் பெரிய உதவி.

தொடங்குவதற்கு நவம்பர் 1 நல்ல நாள். அன்று பதிவுகளைத் தொடங்கி அடுத்த இரண்டு வாரங்களில் முடித்துவிட்டு, நவம்பர் 14 முதல் 20 வரை வரும் தேசிய நூலக வாரத்தில் ஒரு மாலை அதைப் போட்டுக் காட்டலாம். பேசிய பாட்டாக்களையும் ஆச்சிகளையும் முன்வரிசையில் உட்கார வையுங்கள். அழைப்பிதழைப் பிள்ளைகளே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.