சிங்கப்பூரில் வீட்டுக் கொல்லையில் விழும் கெத்தாப்பாங் கொட்டையைச் சாப்பிடலாமா?

அமெரிக்காவில் உங்கள் அக்கா வீட்டில் வால்நட் பொறுக்கிக் காயவைத்துச் சாப்பிடுகிறார்கள், இங்கே உங்கள் தரைவீட்டுப் பின்புறம் நிற்கும் கெத்தாப்பாங் மரத்தில் அப்படிச் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகச் செய்யலாம். ஊரில் பள்ளிக்கூடத்து மரத்தடியில் கல்லால் தட்டித் தின்ற நாட்டு வாதுமைதான் இது. கடையில் விற்கும் பாதாமுக்கும் இதற்கும் உறவில்லை; கடுக்காய், தான்றி, மருது இவைதாம் இதன் பங்காளிகள். மேலே இருக்கும் மெல்லிய சதையையும் தின்னலாம். சில மரத்தில் இனிப்பு, சில மரத்தில் வெறும் துவர்ப்பு. நான் அதை வௌவால்களுக்கே விட்டுவிடுவேன்.

வால்நட் என்றால் விழுந்ததும் பச்சைத் தோலை உரிக்க வேண்டும், அந்தச் சாறு பட்டால் கை கறுத்துப்போய் லேசில் போகாது. இதில் அந்தத் தொல்லை இல்லை. மஞ்சளோ சிவப்போ ஏறிக் கீழே விழுந்த பழங்களைப் பொறுக்கி, சதை சுருங்கி நார் தெரியும்வரை காயவிடுங்கள். இங்கே மழையை நம்ப முடியாது, ஆகவே கூரைக்குக் கீழே காற்றோட்டமான இடத்தில் பரப்புவது நல்லது.

உடைப்பதில்தான் வித்தை இருக்கிறது. படுக்கவைத்து அடித்தால் நார் அடியை வாங்கிக்கொள்ளும், கடைசியில் பருப்பும் சேர்ந்து நசுங்கும். பழத்தைச் சுற்றி மேடாக ஒரு விளிம்பு ஓடுகிறது பாருங்கள், அது மேலே வரும்படி நிறுத்திச் சுத்தியலால் ஒரு போடு போட்டால் இரண்டாகப் பிளக்கும். பாராங் கத்தி பழகியவர்கள் அந்த விளிம்பிலேயே வெட்டிவிடுவார்கள். நமக்கு விரல் முக்கியம், சுத்தியலே போதும்.

உள்ளே இருப்பது சுருட்டிவைத்த ஒல்லியான பருப்பு. பழம் 5 முதல் 7 செ.மீ. நீளம் இருந்தாலும் கிடைப்பது இந்தச் சின்னப் பருப்புதான்! வால்நட் போல டப்பா டப்பாவாகச் சேர்க்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். குருமாவுக்கு முந்திரிக்குப் பதில் அரைக்கலாம் என்பார்கள். அத்தனை கொட்டையை உடைப்பதற்குள் பசியே போய்விடும். பச்சையாகத் தின்பதுதான் எனக்குப் பிடிக்கும். கொஞ்சம் சேர்ந்தால் நெய்யில் வறுத்துப் பாயசத்தில் போடுவேன். பாதிக்கு மேல் எண்ணெய் உள்ள பருப்பு என்பதால் வெளியில் வைத்தால் சீக்கிரம் காறிவிடும். புட்டியில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். பூஞ்சை வாடை அடித்தால் தூக்கிப்போடுங்கள். கொட்டை வகைகள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கொடுக்க வேண்டாம்.

தேக்கா கடைகளில் சம்பலுக்கு வாங்கும் புவா கெராஸ் என்ற கொட்டை வேறு. அது உருண்டையாக, வெள்ளையாக இருக்கும். அதைச் சமைக்காமல் வாயில் போட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான்.

அப்புறம், உங்கள் கொல்லை மரம் என்பதால்தான் இவ்வளவு சொன்னேன். பூங்காவிலோ சாலையோரத்திலோ நிற்பது அரசு மரம். அங்கே கீழே விழுந்து கிடப்பதைப் பொறுக்கவும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும்.

இந்த மரத்தில் கொட்டையைவிட இலைதான் பெரிய வேலை. சிவந்து மொத்தமாகக் கொட்டும்போது கூரைத் தண்ணீர்க்கால்களை அடைத்துக்கொள்ளும், தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். வீட்டில் கொசுப்புழு இருப்பதை அதிகாரிகள் பார்த்தால் அபராதம் உங்களுக்குத்தான். காய்ந்த நல்ல இலைகளைச் சண்டை மீன் வளர்ப்பவர்களிடம் கொடுங்கள், தொட்டித் தண்ணீரில் போடுவதற்கு ஆசையாக வாங்கிக்கொள்வார்கள். தொல்லை தாங்காமல் மரத்தையே வெட்டிவிடலாம் என்று தோன்றினால், உங்கள் வீடு மரப் பாதுகாப்பு வட்டாரத்துக்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தங்ளின், புக்கிட் தீமா, சாங்கிப் பக்கங்களில் சுற்றளவு 1 மீட்டருக்கு மேல் இருந்தால் சொந்த மரமே ஆனாலும் அனுமதி இல்லாமல் கை வைக்க முடியாது.